மிருதங்கம் சேர்ந்ததும் அதே பாட்டு வேறு பாட்டாகக் கேட்பது ஏன்?

கேள்வி: பாட்டு மாணவி

வணக்கம். வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு கீர்த்தனையைச் சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு நன்றாகப் பாடம் பண்ணியிருந்தேன். ஆதி தாளம், சமத்திலிருந்து, அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டிலிருந்து, ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்). கையில் தாளம் போட்டுத்தான் பாடுவேன். அண்மையில் அதை முதல்முறையாக மிருதங்கத்தோடு பாடினேன். ஸ்வரம் அதே, காலப்பிரமாணமும் (வேகமும்) அதே. ஆனால் பல்லவியின் முதல் வரியே எனக்குப் புதிதாகக் கேட்டது. இதுவரை கவனிக்காமல் கடந்துபோன ஒரு நெடில் முன்னால் வந்து நின்றது. நான் அழுத்தம் கொடுத்துப் பாடும் முதல் சொல், ஓடிவந்து சேர்ந்துகொண்டது போல லேசாகிவிட்டது.

இன்னொன்று. தாளவாத்தியத்தை நீக்கிய சினிமாப் பாடல்களைச் சில நேரம் கேட்பேன். பாட்டு மெதுவாகப் போவது போலவே இருக்கும். மூலத்தோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தேன். வேகத்தில் துளி வித்தியாசம் இல்லை.

இது என் பிரமையா, எல்லோருக்கும் இப்படித்தானா? தாளவாத்தியம் உண்மையில் நம் காதில் எதை மாற்றுகிறது? மிருதங்கத்தோடு பாடும்போது தடுமாறாமல் இருக்கக் காதை எப்படிப் பழக்குவது? விவரமாகச் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பதில்: வலந்தலை

பிரமை இல்லை அம்மா. நீங்கள் கேட்டது உண்மையாகவே வேறு பாட்டுதான். நான் மிருதங்கம் வாசிப்பவன், பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம். தாளவாத்தியம் என்றால் பாட்டுக்குப் பின்னால் ஓடும் துணைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது புரியாது. மெட்டை எங்கிருந்து எண்ண வேண்டும் என்று காதுக்குச் சொல்வது நாங்கள்தான். எண்ணுகிற இடம் மாறினால் மெட்டும் மாறும்.

இதை வெறும் பேச்சாக விட வேண்டாம், இப்போதே பாடிப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ச ரி க ரி க ம க ம ப ம க ரி

மொத்தம் 12 ஸ்வரங்கள். எல்லாம் ஒரே அளவு, எதற்கும் தனி அழுத்தம் கிடையாது. நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிப் பாடுங்கள். முதலில் தொடையில் மும்மூன்றாக, தகிட என்று தட்டிக்கொண்டு பாடுங்கள். சரிக, ரிகம, கமப, மகரி. தட்டு விழும் ஸ்வரங்கள் ச, ரி, க, ம. படிப்படியாக ஏறுகிற ஒரு வரிசை கேட்கும். உச்சத்தில் இருக்கும் பஞ்சமத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கும், ஏனென்றால் அது மூன்றாவது பிடியின் வாலில் ஒளிந்திருக்கிறது.

இப்போது குரலில் எதையும் மாற்றாமல், கையை மட்டும் நான்கு நான்காக மாற்றுங்கள், தகதிமி. சரிகரி, கமகம, பமகரி. தட்டு விழுவது ச, க, ப. படிக்கட்டு காணாமல் போய்விட்டது. இரண்டே தாவலில் பஞ்சமத்துக்குப் போய், அங்கிருந்து பமகரி என்று இறங்கி அடுத்த சுற்றின் ஷட்ஜத்தில் வந்து உட்காருகிற மெட்டு கேட்கும். மும்மூன்றாகத் தட்டியபோது வாலில் கிடந்த பஞ்சமம்தான் இப்போது தலை. தொண்டை செய்தது அதே வேலை. உங்கள் கீர்த்தனையில் அந்த நெடிலுக்கு நடந்ததும் இதுதான்.

யாரும் தட்டாவிட்டால் காது சும்மா இருக்குமா என்றால், இருக்காது. 1894-லேயே தாடியஸ் போல்டன் என்கிற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒரே மாதிரியான, ஒரே இடைவெளி கொண்ட டிக் டிக் சத்தங்களைக் கேட்கவைத்தால், கேட்பவர்கள் தாங்களாகவே அவற்றை இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காகக் கட்டிக்கொள்கிறார்கள். சத்தத்தில் இல்லாத அழுத்தம் அவர்கள் காதில் இருக்கிறது. ஆக, நீங்கள் சுருதிப்பெட்டியோடு பாடியபோதும் உங்கள் காது ஏதோ ஒரு கணக்கு போட்டுக்கொண்டுதான் இருந்தது. மிருதங்கம் வந்து அந்தக் கணக்கை மாற்றிவிட்டது, அவ்வளவே.

எடுப்பு தள்ளியிருக்கிற பாட்டில் இது இன்னும் பலமாகத் தெரியும். கையில் தாளம் போட்டாலும், பெரும்பாலும் கை போடுகிற சமத்துக்குச் சத்தமே இல்லை. அறையில் முதலில் கேட்கிற சத்தம் உங்கள் முதல் சொல்தான். அதனால் காது அதையே ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டுவிடும். மிருதங்கம் இருந்தால் சமத்தில் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ஒரு தொம் விழுந்துவிடுகிறது. அதற்கு ஒன்றரை எண்ணிக்கை கழித்து நீங்கள் நுழைகிறீர்கள். இப்போது உங்கள் முதல் சொல் அடுத்த தட்டை நோக்கி ஓடுகிற சொல். இயற்றியவர் எடுப்பைத் தள்ளி வைத்ததே இந்த ஓட்டத்துக்காகத்தான் என்பது என் எண்ணம். மிருதங்கம் இல்லாமல் பாடும்போதும் அந்த ஓட்டம் குரலில் இருக்க வேண்டும்.

நடையும் எடுப்பும் மட்டுமல்ல, உள்பிரிவும் மெட்டை மாற்றும். ஏழு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 3+4 என்று பிரித்தால் மிஸ்ர சாபு, 4+3 என்று திருப்பினால் விலோம சாபு. கூட்டினால் இரண்டும் ஏழுதான், ஆனால் பாட்டின் நடை அடியோடு வேறு. சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

அப்புறம், வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்பதும் இருக்கிறது. ஒரே பல்லவிக்கு நான் வெறும் சர்வலகு (கணக்குச் சிக்கல் இல்லாத சீரான ஓட்டம்) வாசித்தால், கேட்பவர் கவனம் சாகித்தியத்தில், அதாவது பாட்டின் சொற்களில், நிற்கும். சங்கதிகளின், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களின், வளைவுக்கு ஏற்ப வாசித்தால் சங்கதி எடுப்பாகத் தெரியும். ஒரு சங்கதி முடிகிற இடத்தில் கையை எடுத்துவிட்டால், அந்தக் கடைசிக் கார்வை (நீட்டி நிற்கும் சுரம்) இரண்டு மடங்கு நீளமாகக் கேட்கும். கையை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் ஒரே காலத்தில் வாசித்த மேதைகள். இருவரின் பழைய ஒலிப்பதிவுகளையும் கேட்கும்போது தனி ஆவர்த்தனத்துக்காக, அதாவது தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதிக்காக, காத்திருக்காதீர்கள். பாட்டு நடக்கும்போது அவர்கள் எங்கே வாசிக்கவில்லை என்று கவனியுங்கள்.

பதில்: ஒலிப்பதிவறை

வலந்தலை சார் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மாணவியின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது வேகம் குறைந்தது போலக் கேட்பதற்கு, நான் பதில் சொல்கிறேன். ஒலிக்கலவைதான் என் தொழில்.

வேகம் என்று நாம் உணர்வது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்கிற எண்ணை மட்டும் அல்ல. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதும், பலமான தட்டு எத்தனைக்கு ஒருமுறை விழுகிறது என்பதும் சேர்ந்துதான் அந்த உணர்வு. டிரம்ஸில் ஹைஹேட் என்கிற ஜோடி உலோகத் தகடு ஒவ்வொரு தட்டையும் நான்காக நறுக்கிக்கொண்டே போகும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாடகரின் நீண்ட எழுத்துகளும் வயலின்களின் இழுப்பும்தான். காதுக்குப் பிடித்துக்கொள்ள நெருக்கமான புள்ளிகள் இல்லை. அதனால் மெதுவாகத் தோன்றுகிறது.

இதைவிடப் பளிச்சென்ற உதாரணம் ஸ்நேர், டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் சிறிய முரசு. நான்கு எண்ணிக்கையில் 2-லும் 4-லும் ஸ்நேர் விழுந்தால் அது வழக்கமான ஓட்டம். அதே பாட்டில் ஸ்நேரை 3-ல் மட்டும் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டு 60-ல் நடப்பது போல ஆகிவிடும். பாடகர் குரலை நாம் தொடவே இல்லை, ஆனால் அவர் நிதானமாகப் பாடுவதாகக் கேட்கும். பாட்டின் நடுவில் ஒரு பத்தியை மட்டும் கனமாக்க வேண்டும் என்றால் இதைத்தான் செய்வோம். ஜமைக்காவின் ரெக்கே இசையில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஒன் டிராப் என்று ஒரு வாசிப்பு உண்டு, முதல் எண்ணிக்கையில் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு) கிடையாது, மூன்றாவதில்தான் விழும். ஆரம்பம் என்று காது எதிர்பார்க்கிற இடமே காலி. பாட்டு முழுக்க மிதப்பது போலிருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒவ்வொரு தட்டையும் சரிபாதியாகத்தான் பிரிக்க வேண்டும் என்றும் இல்லை. ஜாஸில் முன்பாதியை நீட்டிப் பின்பாதியைக் குறுக்குவார்கள், அதைத்தான் ஸ்விங் என்கிறோம். நிதானமான வேகத்தில் அது 2:1-க்குப் பக்கத்தில், சில சமயம் அதற்கும் மேலே இருக்கும். வேகம் ஏற ஏற இரண்டு பாதியும் சமமாகிக்கொண்டே வரும். கணினியில் ஒரே விகிதத்தைப் பூட்டி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் கூட்டினால் பாட்டு நொண்டுவது இதனால்தான்.

பதில்: கேட்பதில் ஆர்வம்

கையில் தாளம் போடுவது பற்றி வலந்தலை ஐயா சொன்னதற்குத் துணையாக ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 2005-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எந்த இடத்திலும் அழுத்தம் இல்லாத ஒரு தாளக்கட்டைக் கேட்கவைத்தார்கள். கேட்கும்போதே பாதிக் குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கித் தூக்கி ஆட்டினார்கள், மீதிப் பேரை மூன்று தட்டுக்கு ஒருமுறை. பிறகு அதே தாளக்கட்டை அழுத்தங்களோடு ஒலிக்கவிட்டபோது, ஒவ்வொரு குழந்தையும் தன்னை ஆட்டிய கணக்கோடு பொருந்துகிற வடிவத்தையே அதிக நேரம் கேட்டது. கண்ணைக் கட்டியிருந்தபோதும் அப்படியே நடந்தது. ஆனால் வேறொருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் இது நடக்கவில்லை.

எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை. எல்லாக் குழந்தைகளும் கேட்டது ஒரே சத்தம். உடம்பு ஆடிய விதம்தான் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதை முடிவு செய்தது. மாணவி தாளத்தை மடியில் ஒளித்து விரலால் போடாமல், முழங்கையிலிருந்து நன்றாகப் போட்டுப் பாடினால் மிருதங்கம் இல்லாதபோதும் காது சமத்தை விடாது என்று நினைக்கிறேன்.

பதில்: ஆலாபனைப் பிரியை

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தாளவாத்தியம் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையில் தாளமே கிடையாது. ஒரு காந்தாரம் அசைந்து அசைந்து எங்கே போய் நிற்கிறது என்பது எனக்கு அங்கேதான் முழுதாகக் கேட்கிறது. பாட்டு ஆரம்பித்து மிருதங்கமும் கடமும் சேர்ந்ததும் என் கவனம் கமகத்திலிருந்து, அந்தச் சுர அசைவிலிருந்து, கணக்குக்குப் போய்விடுகிறது. நான் விரும்பிப் போவதில்லை, அது இழுத்துக்கொண்டு போகிறது. கச்சேரிகளில் ஒலிபெருக்கியில் அடி மட்டும் காதில் அறைகிறது, பாடுபவரின் நுணுக்கம் அடியில் மாட்டிக்கொள்கிறது. காது எதைக் கேட்கிறது என்பதைத் தாளவாத்தியம் முடிவு செய்கிறது என்றால், எதைக் கேட்கவிடாமல் செய்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டாமா?

பதில்: வலந்தலை

பேசத்தான் வேண்டும். நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்து எப்போது தட்டு விழும் என்று காது எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டால், இரண்டு தட்டுக்கு நடுவே நடப்பதற்கு அது தரும் கவனம் குறையும். ஆலாபனையில் அந்த எதிர்பார்ப்பு இல்லாததால் கமகத்தின் அசைவுக்கே முழுக் காதும் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் கீர்த்தனைக்கும் நடுவில் தானம் என்று ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம். ஆவர்த்தனக் கணக்கு (தாளச் சுற்று) இல்லை, ஆனாலும் துடிப்பு இருக்கிறது. வீணையில் தானம் கேளுங்கள். ராகத்தை ஒரு துளியும் மறைக்காமல் லயம் உள்ளே ஓடும். தானத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிற பழக்கம் எனக்குப் பெரிய வருத்தம்.

மிருதங்கம் நுணுக்கத்தை மறைக்கிறது என்பதை மட்டும் நான் மறுக்கிறேன், ஏனென்றால் அந்தக் குற்றம் வாத்தியத்தின் மேல் இல்லை. சாதாரணமாக இழுத்துக் கட்டிய ஒரு வட்டத் தோலை அடித்தால் அதில் எழும் மேல்சுரங்கள் அடிப்படை ஒலிக்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் பல முரசுகளில் இது இன்ன சுரம் என்று சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், நடுவே கறுப்பாக அப்பியிருக்கிறதே, அந்தக் கனம் இதை மாற்றிவிடுகிறது. மேல்சுரங்கள் 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன, தந்தி வாத்தியத்தில் வருகிற மாதிரி. சர் சி. வி. ராமன் 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் இதை எழுதினார். 1934-ல் விரிவான கட்டுரையும் எழுதினார். ஒரு தோலைத் தந்தி போலப் பேசவைத்த நம் வாத்தியக் கைவினைஞர்களின் காதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

இதனால் கேட்பவருக்கு என்ன? வலந்தலையைப் பாடகரின் ஷட்ஜத்துக்குச் சேர்த்துத்தான் வாசிக்கிறோம். மெதுவாக தீம் என்கிற ஓர் அடி கொடுத்துக் கையை எடுத்தால், அந்த இடத்தில் ஷட்ஜம் சிறிது நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். தம்புராவோடு அது கலந்துவிடும். உங்கள் காந்தாரம் எவ்வளவு தூரத்தில் அசைகிறது என்று அளந்து கேட்க அது உதவி செய்கிறது. நல்ல சிறிய அறையில், ஒலிபெருக்கி இல்லாமல் கேட்டால் இதை உணர்வீர்கள். ஒலிபெருக்கியில் அளவு மீறி ஏற்றும்போது அடியின் முனை மட்டும் வெளியே வந்து நாதம் அமுங்கிவிடுகிறது. நீங்கள் மனத்தாங்கல் கொள்வது அதன் மேல்தான், அது நியாயமும்கூட.

பதில்: ஒலிப்பதிவறை

சுரமும் தாளமும் ஒன்றுக்கொன்று எதிரி என்கிற பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன், கணினி வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம். ஒரு தடத்தில் விநாடிக்கு 2 டிக், இன்னொரு தடத்தில் அதே விநாடிக்கு 3 டிக் வையுங்கள். கேட்பது இரண்டுக்கு மூன்று என்கிற தாளப் பின்னல். இப்போது இரண்டையும் சேர்த்தே வேகமாக்கிக்கொண்டு போங்கள். விநாடிக்கு இருபதைத் தொடும் சுமாருக்கு டிக்குகள் தனித்தனியாகக் கேட்பது நின்று ஒரு கரகரப்பாக மாற ஆரம்பிக்கும். விநாடிக்கு 200, 300 என்று போனால் தாளம் போய்விட்டது, கேட்பது இரண்டு சுரங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும். நான்குக்கு மூன்று வைத்தால் ஷட்ஜமும் சுத்த மத்தியமமும் வரும், ஐந்துக்கு நான்கு வைத்தால் ஷட்ஜமும் அந்தர காந்தாரமும். மிருதங்கக்காரர் சதுஸ்ரத்தின் (நான்கின்) மேல் திஸ்ரம் (மூன்று) வாசிக்கும்போது ஏற்படும் இழுபறியும் ச-ம சேர்க்கையும் ஒரே விகிதம், வேகம்தான் வேறு.

பதில்: பாட்டு மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. 12 ஸ்வரத்தையும் இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்தேன். கையை மாற்றியவுடன் பஞ்சமம் முளைத்து வருவது உடம்பு சிலிர்க்கிற அனுபவம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது குரல் தானாகவே ச, க, ப-வில் அழுத்தம் கொடுக்கப் பார்க்கிறது. அழுத்தாமல் பாடினால்தான் நீங்கள் சொன்னது சுத்தமாகக் கேட்கிறது. சார், இனி என் கீர்த்தனையை எப்படிப் பழகுவது? மிருதங்கத்தோடு பாடும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்காது.

பதில்: வலந்தலை

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். குரல் அழுத்தாமல் இருந்தால்தான் தாளத்தின் வேலை வெளியே தெரியும்.

மிருதங்கம் இல்லாத நாளில் இப்படிச் செய்யுங்கள். பாடுவதற்கு முன் இரண்டு ஆவர்த்தனம் தகதிமி தகஜனு என்று வாயால் சொல்லுங்கள், சத்தமாக. சொல்லிக்கொண்டே வந்து, சமம் தாண்டி ஒன்றரையில் அப்படியே சாகித்தியத்துக்குள் நுழையுங்கள். முதல் சொல்லுக்கு முன்னால் சமம் காதில் ஒலித்தாக வேண்டும், அதுதான் முக்கியம். அது பழகியபின் சொல்வதை நிறுத்திவிட்டு, சமத்தில் மட்டும் காலால் ஒரு தட்டு. அதற்கும் பிறகு அந்தத் தட்டையும் விட்டுவிட்டு, மனத்தில் வைத்துக்கொண்டு பாடுங்கள். அந்த நெடில் முன்னால் வந்து நின்றது என்றீர்களே, தட்டு இல்லாமலே அது அங்கே நின்றால் பாடம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பல்லவியை மட்டும் திஸ்ர நடையிலும் பாடிப் பாருங்கள். மேடைக்கு வேண்டாம், காதுக்காக. எந்தச் சங்கதி தாங்குகிறது, எது உடைந்துபோகிறது என்று பார்த்தாலே அந்த மெட்டின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மிருதங்கத்தோடு பாட வாய்ப்புக் கிடைக்கும்போது, வாசிப்பவரிடம் முதல் தடவை வெறும் சர்வலகு மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை அவர் இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். இரண்டையும் பதிவு செய்து கொண்டுவந்து கேளுங்கள். எந்தக் கீர்த்தனை என்று சொல்லவில்லையே? சொன்னால், எந்தெந்த இடத்தில் நான் கையை எடுப்பேன் என்று எழுதுகிறேன்.